துவைக்காமல் வெட்டிய துணி

நீ பெங்களூருக்கு வண்டியேறிய மறுநாள், சாப்பாட்டு மேசையில் நீ மறந்து வைத்துப்போன ஒன்பது பக்க ஒப்பந்தத்தைப் படித்தேன். உன்னைக் கேட்காமல் படித்தது தவறுதான். ஆனால் இங்கே இருந்த நான்கு நாளும் நீ உன் கூட்டாளியோடு ஃபோனில் அதைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருந்தாய். பாதி விஷயம் எனக்கு ஏற்கெனவே தெரியும். ஆண்கள் சட்டைக்கு ஒரு பிராண்ட் தொடங்குகிறீர்கள், பெயர் முடிவாகிவிட்டது, தைத்துத் தரும் கம்பெனி மட்டும் இன்னும் அமையவில்லை. திருப்பூரில் இரண்டும் பெங்களூரில் ஒன்றும் பார்த்திருக்கிறாய். அந்த மூவரில் ஒருவர் முன் வைப்பதற்காக எழுதிய ஒப்பந்தம் அது. ஆறாம் பக்கத்திலிருந்து எட்டாம் பக்கம் வரை, கம்பெனிக்காரன் எந்தெந்த வகையில் ஏமாற்றக்கூடும், ஏமாற்றினால் அவனை என்ன செய்யலாம் என்று வரிசையாக எழுதியிருக்கிறாய்.

அந்த மூன்று பக்கமும் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். கிளம்புவதற்கு முதல்நாள் காலையில் நீ ஃபோனில் மலையாளத்தில் சொன்னாய்: "நமுக்கு சூக்ஷிக்கணம்டா. என்றெ அம்மயெ ஒரு ஃபேக்டரிக்காரன் பற்றிச்சதா." நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், என் அம்மாவை ஒரு ஃபேக்டரிக்காரன் ஏமாற்றினான் என்று. நான் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். கேட்டும் பேசாமல் இருந்தேன். பன்னிரண்டு வருடமாக அப்படித்தான் இருக்கிறேன். அந்தக் கதை உண்மை இல்லை. என்னை யாரும் ஏமாற்றவில்லை. நடந்ததை இப்போது முழுசாக எழுதுகிறேன். ஆரியசாலையில் உன் அப்பா கடைக்கு வந்து இறங்கும் துணிமூட்டைகளில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயர்களைப் படித்துத்தான் நீ தமிழ் எழுத்துகளைக் கற்றாய். அதனால் இன்றும் தமிழ் என்றால் நிதானமாகத்தான் படிப்பாய். இதை நீ நிதானமாகப் படிப்பது நல்லது.

நான் கல்யாணத்துக்குப் பிறகு தம்பானூரில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். அந்தச் சமயத்தில்தான் இந்த ஊரில் வேலைக்குப் போகும் பெண்கள் சேலையிலிருந்து சுடிதாருக்கு மாறினார்கள். முதலில் ஒருத்தி மாறினாள், மூன்று மாதத்தில் ஆபீஸ் முழுக்க மாறிவிட்டது. ஆனால் கடையில் கிடைத்ததெல்லாம் கல்யாண வீட்டுக்குப் போடுகிற சுடிதார்: ஜரிகை, கண்ணாடிச் சில்லு, இறுக்கமான கை. அதைப் போட்டுக்கொண்டு கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி மேல்கம்பியைப் பிடித்தால் அக்குளில் தையல் விடும், இல்லையென்றால் முன்பக்கம் முழுவதும் மேலே தூக்கிக்கொள்ளும். பெண்கள் ஒரு கையால் கம்பியையும் இன்னொரு கையால் துணியையும் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நானும் அப்படி நின்றிருக்கிறேன். ஆபீசுக்குப் போட்டுப் போவதற்கென்றே பருத்தியில் ஒரு சுடிதார் செய்து விற்கலாம் என்று அப்படி நின்ற ஒரு நாளில்தான் தோன்றியது. அப்பா கடையில் துணிக்குக் குறைவில்லை. பெயர் "பத்துமணி" என்று வைத்தேன். ஆபீஸ் தொடங்கும் நேரம், நம் வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் பூக்கிற பூவின் பெயரும் அதுதான். லேபிள்கூட அச்சடித்து வந்துவிட்டது. தைக்கத்தான் ஆள் இல்லை.

எட்டு மாதம் தேடினேன். கோட்டைக்குள் ஒரு டெய்லர் மாஸ்டர் அருமையாகத் தைத்தார். ஆனால் பத்து உருப்படி கொடுத்தால் பத்தும் பத்து அளவாக வந்தது. எர்ணாகுளத்தில் ஒரு கம்பெனி ஏ.சி. அறையில் உட்காரவைத்து ஆல்பம் காட்டியது. தையல் நடக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். அதற்கு இன்னொரு நாள் வரலாமே என்றார்கள். அந்த இன்னொரு நாள் வரவேயில்லை. திருப்பூரில் நான் சொன்ன எண்ணிக்கையைக் கேட்டுச் சிரித்தார்கள், மரியாதையான சிரிப்புதான். நீ இப்போது பார்த்துவரும் மூவரையும் பற்றிச் சொன்னபோது அவர்களுடைய கட்டடத்தைச் சொன்னாய், மெஷின்களைச் சொன்னாய், வெளிநாட்டில் யார் யாருக்குத் தைக்கிறார்கள் என்று சொன்னாய். நானும் எட்டு மாதம் அதையேதான் பார்த்தேன்.

கடைசியில் ஆள் கிடைத்தது பஸ்ஸில். எனக்கு முன்னால் ஒரு நர்ஸ் நின்றாள். வெள்ளைச் சீருடை, பல தடவை துவைத்து நைந்தது. வண்டி ஒரு வளைவில் குலுங்கியபோது கையை நீட்டி மேல்கம்பியைப் பிடித்தாள். கை மேலே போனது. சட்டை இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. நான் குனிந்து அவள் அக்குளையே பார்த்திருக்கிறேன். அவளுக்குச் சங்கடமாகி, "எந்தா சேச்சி?" என்று கேட்டாள். அக்குளில் சாய்சதுரமாக ஒரு சின்னத் துண்டு வைத்துத் தைத்திருந்தது. யார் தைத்தது என்று கேட்டேன். அவர்கள் ஆஸ்பத்திரிச் சீருடை முழுவதையும் பாறசாலையில் ஒரு பெண்மணி தைத்துத் தருகிறார் என்றாள். அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு பாறசாலைக்குப் போனேன்.

தங்கபாய் அக்காவை நீ பார்த்ததில்லை. அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரு சர்ச்சுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான கொட்டகை, பன்னிரண்டு மெஷின், பன்னிரண்டு பெண்கள். எல்லாரும் அங்கிருந்து களியக்காவிளை வரைக்குமுள்ள ஊர்க்காரர்கள். நான் துணியையும் லேபிளையும் எடுத்து வெளியே வைத்தேன். இதற்கு முன் நான் பார்த்த எல்லாரும் முதலில் எத்தனை உருப்படி என்று கேட்டவர்கள். அவர் லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத ஆரு போடுவா மேடம்?" என்று கேட்டார்.

"ஆபீசுக்குப் போகிற பெண்கள்."

"ஆபீசுல இருந்துகிட்டு வேலையா, நின்னுகிட்டா? பஸ்சுலயா போவா, நடந்தா?"

சொன்னேன். எழுந்து நிற்கச் சொன்னார். இரண்டு கையையும் தூக்கச் சொன்னார், குனியச் சொன்னார், தரையில் விழுந்த ஒரு பேனாவை எடுக்கச் சொன்னார். பிறகு இன்ச் டேப்பை எடுத்தார். அடுத்த ஒரு மாதத்தில் அவர் என்னோடு இரண்டு ஆபீசுக்கு வந்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் முப்பது பெண்களையாவது அளந்திருப்பார். அதிலிருந்து நான்கு அளவுக்கு அட்டையில் பேட்டர்ன் வெட்டினார். அந்த அட்டைகளின் மேல்தான் பத்துமணி நின்றது. கடைக்காரர்கள் என்னுடைய யோசனை, என்னுடைய பெயர் என்று பாராட்டினார்கள். நானும் ஏற்றுக்கொண்டேன். லேபிளில் அவர் பெயர் இல்லை, அவரும் கேட்கவில்லை. ஆறு மாதத்தில் என்னை மேடம் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு "பிள்ளே" என்று கூப்பிடத் தொடங்கினார்.

அவரிடம் எனக்கு ஒரே ஒரு குறை இருந்தது. துணியைத் துவைக்காமல் வெட்டமாட்டார். மில்லிலிருந்து வந்த துணியை ஒரு நாள் முழுக்கத் தொட்டியில் ஊறவைத்து, அலசி, சர்ச் மைதானத்தில் கயிறு கட்டிக் காயவைத்து, இஸ்திரி போட்டு, அதற்குப் பிறகுதான் கத்தரியை எடுப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை இருப்பதால் அன்று கயிறு கட்ட முடியாது. கர்க்கடக மாதத்தில் மழை விடாது, துணி காயாது. கேரளத்தில் துணி விற்பவர்களுக்கு வருடத்தின் முக்கியமான விற்பனை ஓணத்துக்குத்தான். ஓணத்துக்கு முந்தின மாதம்தான் கர்க்கடகம். ஒவ்வொரு வருடமும் அந்த மாதம் நான் பாறசாலைக்குப் போய் ஈரத்துணியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். "பொறு பிள்ளே, நனைக்காம வெட்டினா துணி நம்மள நாணங்கெடுத்தும்" என்பார்.

மூன்றாம் வருடம் கிழக்கேகோட்டையில் இருந்த ஒரு பெரிய துணிக்கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு, இந்த ஓணத்துக்கு வாசலை ஒட்டிய அலமாரி முழுவதும் பத்துமணிக்குத் தருகிறேன் என்றார். அதுவரை நாங்கள் தைத்ததைப்போல் நான்கு மடங்கு வேண்டும். நான் சரி என்று சொல்லிவிட்டுத்தான் பாறசாலைக்குப் போனேன். தங்கபாய் அக்கா விரல்விட்டு நாட்களை எண்ணினார். "பாதி ஓணத்துக்கு முன்ன தாறேன், பாதி பொறவு தாறேன். மழை பெய்யுத மாசமாக்கும். அதுக்கு மேல எனக்க கையில நிக்காது" என்றார். நான் கெஞ்சினேன். இந்த ஒரு தடவை துவைக்காமல் வெட்டுங்கள் என்றேன். "அது முடியாது பிள்ளே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார்.

தேடிப்போன எல்லாரிலும் என்னிடம் நேராக முடியாது என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். அப்போது அது எனக்குப் பெரிய இடைஞ்சலாகத் தெரிந்தது. அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் மூலமாகக் கோயம்புத்தூர் பக்கத்தில் ஒரு பெரிய ஃபேக்டரியின் மேனேஜரோடு பேசினேன். மீதிப் பாதி அவர்களுக்கு ஒரு வார வேலை. பேட்டர்ன் மட்டும் கொண்டுவரச் சொன்னார். பேட்டர்ன் என்னிடம் இல்லை. அது பாறசாலைக் கொட்டகையில் ஆணியில் தொங்கியது.

இந்த இடத்தை எழுதத்தான் எனக்குப் பன்னிரண்டு வருடம் ஆனது. மறுபடி பாறசாலைக்குப் போனேன். ஒரு கஸ்டமருக்கு அளவுகளைக் காட்ட வேண்டும், ஒரு வாரத்துக்கு அட்டைகளைத் தாருங்கள் என்றேன். அவர் உடனே எழுந்துபோய் ஆணியிலிருந்து நான்கு அளவுக்குமான அட்டைக் கட்டுகளை எடுத்தார். வெளியே நல்ல மழை. ஈரம் பட்டால் அட்டை வளைந்துவிடும் என்று இரண்டு பிளாஸ்டிக் உறையில் சுற்றி, வாயை நூலால் கட்டி, பஸ் ஸ்டாப் வரைக்கும் குடையோடு கூடவே வந்தார். பஸ்ஸில் அது என் மடியில் இருந்தது. எனக்குக் குற்ற உணர்ச்சி இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். இருந்ததாக ஞாபகம் இல்லை. அலமாரியைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு போனேன்.

கோயம்புத்தூரில் மாதிரிக்கு ஒரு உருப்படி தைக்கக் கையிலிருந்த துணியைக் கொடுத்தேன். அது தங்கபாய் அக்காவிடம் மிச்சமான துணி, ஏற்கெனவே துவைத்தது. ஒரு மணி நேரத்தில் தைத்து வந்தது. ஒரு குறை சொல்ல முடியாது. மேனேஜர் அமைதியான மனிதர், கண்ணாடி போட்டவர். மாதிரியை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது ஒருக்கா துவைச்ச துணிங்களா மேடம்?"

"ஆமாம்."

"அப்ப அந்தப் பேட்டர்ன், துவைச்ச துணிக்கு வெட்டுனதா இருக்குமுங்க. ஆர்டருக்கு வர்ற துணியும் துவைச்சுட்டு வெட்டட்டுங்களா? மூணு நாள் கூட ஆகும். இல்லீன்னா பேட்டர்னைக் கொஞ்சம் பெருசு பண்ணிக்கலாமுங்க. அதுக்குத் துணி கூடப் புடிக்கும்."

சரியான கேள்வி, சரியான இடத்தில், சரியான ஆளிடம் கேட்டார். நீ தேடிக்கொண்டிருப்பது இப்படிக் கேட்கிற ஒருவரைத்தான். எனக்கு மூன்று நாள் இல்லை, கூடுதல் துணியும் இல்லை. "அதெல்லாம் வேண்டாம், இது சுருங்காத துணி" என்றேன். "அப்படீன்னா ஆர்டர் தாள்ல ஒரு வரி எழுதிக் குடுத்திருங்க மேடம்" என்றார். துவைக்க வேண்டியதில்லை, அப்படியே வெட்டலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வியாபாரத்தில் ஒருவர் உன்னிடம் ஒரு விஷயத்தை எழுதிக் கேட்டால், அந்த இடத்தில் பேனாவை மூடிவிட்டு ஏன் கேட்கிறார் என்று யோசித்துப் பார். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்ல வழியில்லை. மூன்று வருடம் அந்த ஈரத்துணி முன்னால் நின்றவள் நான். ஒரு தடவைதானே என்று நினைத்தேன்.

ஓணத்துக்கு, தங்கபாய் அக்கா முதலில் தந்த பாதியும் கோயம்புத்தூரில் தைத்ததும் எல்லாம் விற்றது. வாசல் அலமாரி இரண்டு முறை காலியாகி இரண்டு முறை நிறைந்தது. ஓணம் முடிந்து பத்தாம் நாளிலிருந்து துணி திரும்பி வரத் தொடங்கியது. முதலில் கடைக்கு வந்தது, பிறகு லேபிளில் இருந்த முகவரியைப் பார்த்து ஆரியசாலைக்கே வந்தார்கள். ஒருத்தியை மறக்க முடியவில்லை. இருபத்திரண்டு வயதிருக்கும். வேலையில் சேரும் முதல் நாளுக்காக வாங்கியிருக்கிறாள். புதுத்துணியில் கஞ்சி வாசம் இருந்ததால் முந்தின நாள் ஒரு தடவை அலசிப் போட்டிருக்கிறாள். காலையில் போடும்போது நீளம் குறைந்து, கை இறுக்கமாக இருந்திருக்கிறது. மாற்ற நேரமில்லாமல் அப்படியே கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்ததும் அக்குள் கிழிந்தது. "அன்னு முழுவன் ஞான் கை பொக்கியில்ல சேச்சி" என்றாள். அன்று முழுவதும் அவள் கையைத் தூக்கவேயில்லை. உயர்ந்த அலமாரியிலிருந்து ஃபைல் எடுக்கச் சொன்னபோது உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கிறாள். திட்டவில்லை, பணத்தைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. துணியை மடித்துக் கடைப்பலகையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்று மதியம் அப்பா என்ன ஆயிற்று என்று கேட்டார். நீ ஆறாம் வகுப்பு. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். "ஃபேக்டரிக்காரன் துணியை மாத்திட்டான்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகு அதைத் திரும்ப எடுக்கவில்லை. அப்பா எழுந்து கையைக் கழுவிவிட்டு அந்த மேனேஜருக்கு ஃபோன் போட்டார். அவர் அப்படிப் பேசி அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பிறகு சாலைக் கடைத்தெருவில் தெரிந்த வியாபாரிகள் எல்லாரிடமும் சொன்னார். அந்த ஃபேக்டரியிடம் துணி எடுத்துக்கொண்டிருந்த மூன்று நான்கு பேர் நிறுத்திக்கொண்டார்கள். ஒரு மாதம் கழித்து என் பெயருக்கு ஒரு கவர் வந்தது. உள்ளே நான் கையெழுத்துப் போட்ட அந்த ஆர்டர் தாளின் நகல். கூடக் கடிதம் எதுவும் இல்லை. அவர் அதை அப்பாவுக்கு அனுப்பியிருக்கலாம், கடைத்தெருவில் நாலு பேருக்கு அனுப்பியிருக்கலாம். எனக்கு மட்டும் அனுப்பினார். நான் அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் பாறசாலைக்குப் போனேன். பேட்டர்ன் அட்டைகளை முன்பே ஒரு ஆள்மூலம் திருப்பி அனுப்பிவிட்டிருந்தேன். தங்கபாய் அக்கா, ஓணத்துக்குப் பிறகு தருவதாகச் சொன்ன பாதியைத் தைத்து முடித்து, மடித்து, மூட்டையாகக் கட்டி வைத்திருந்தார். நான் எதுவும் சொல்வதற்கு முன் ஒரு அட்டையை எடுத்து என் முன் வைத்தார்.

"ஓரத்துல பென்சில் கோடு இருக்கு, பாத்தியளா? நான் பென்சில் வைக்க மாட்டேன். எனக்க கொட்டகையில எல்லாருக்கும் சாக்பீசாக்கும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நடந்ததைச் சொன்னேன், சுருங்கியது வரைக்கும். அவருக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன்.

"பேட்டர்ன வேற இடத்துல குடுக்கப்போறேன்னு சொல்லியிருந்தா தந்திருப்பேன்" என்றார். "அட்டையில எனக்கு என்ன இருக்கு? எனக்கும் அந்த ஓணத்துக்கு முடியாதுன்னு தெரியும். தரும்போ, இது நனைச்ச துணிக்கு உள்ள அளவாக்கும், நனைக்காட்டா ரெண்டு இஞ்சு கூட்டி வெட்டச் சொல்லுங்கோன்னு சொல்லி விட்டிருப்பேன். நீங்க கஸ்டமருக்குக் காட்டன்னு சொன்னிய. காட்டுததுக்கு அது எதுக்கு? அதனால நான் சொல்லல்ல."

இவ்வளவுதான் நடந்தது. நான் பொய் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பெண் அன்று கையைத் தூக்கியிருப்பாள். பன்னிரண்டு வருடமாக இதை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன். வேறு காரணம் கிடைக்கவில்லை. இனி எனக்குத் தைத்துத் தருவீர்களா என்று கேட்டேன். மூட்டையை என் பக்கம் நகர்த்திவிட்டு, "இது நீங்க கேட்டது, முடிச்சாச்சு மேடம். இனி ஆஸ்பத்திரி வேலையே எனக்குப் போதும்" என்றார். பஸ் ஸ்டாப்புக்கு நான் மட்டும் நடந்தேன். அந்த மூட்டையில் இருந்தவை எல்லாம் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அதற்குப் பின் இரண்டு பேரிடம் தைத்துப் பார்த்தேன், அளவு அமையவில்லை. அடுத்த ஓணத்துக்குள் பத்துமணி நின்றுவிட்டது.

நீ எந்தக் கம்பெனியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. மூவரில் யார் நல்லவர் என்று எனக்குத் தெரியாது. ஆனால் போகிற ஊரிலெல்லாம் ஃபேக்டரி வாசலில் நின்று, அங்கே தைத்ததை ஒரு வருடமாவது போட்டுத் துவைத்தவர்கள் யாராவது கிடைப்பார்களா என்று தேடு. தைப்பவர் உன்னிடம் என்ன கேட்கிறார் என்று கவனி. உன் சட்டையை யார் போடுவார்கள், எங்கே உட்காருவார்கள், எதைத் தூக்குவார்கள் என்று கேட்காதவர் வேறு எதைக் கேட்டாலும் போதாது. இத்தனை நாளில் முடியாது என்று ஒருவர் சொன்னால், அவரை உன் பட்டியலிலிருந்து அடிக்காதே. ஏன் முடியாது என்று உட்கார்ந்து கேள். உனக்கு அவசரம் என்றால் அவசரம் என்று சொல், பணம் இல்லை என்றால் இல்லை என்று சொல், வேறு இடத்தில் கொடுக்கப்போகிறாய் என்றால் அதையும் சொல். தைப்பவர் கையில் உன் பொய்யும் துணியோடு சேர்ந்துதான் போகிறது. அவர் அதையும் சேர்த்துத்தான் வெட்டுவார்.

நேற்று இந்த இடத்தில் நிறுத்தினேன். உனக்கு அனுப்புவதற்கு முன் அப்பா படிக்க வேண்டும் என்று தோன்றியது. இத்தனையும் அவருக்கும் தெரியாது. கடையை மூடிவிட்டு மதியம் வந்தவரிடம் தாள்களைக் கொடுத்தேன். சாப்பிடாமல் உட்கார்ந்து படித்தார். தான் ஃபோன் போட்டது வரும் பக்கத்தை இரண்டு தடவை படித்தார் என்று நினைக்கிறேன், தாள் திரும்பவில்லை.

"அந்த மனுசனை நான் வாய்க்கு வந்ததெல்லாம் விளிச்சேன். நீ பக்கத்துலதானே நின்னே?" என்றார்.

"நின்னேன்."

"அவரு ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலியே. பேப்பர் கையில இருந்துச்சு, அல்லே? பின்னே ஏன் சொல்லல?"

அவர் எழுந்தார். அலமாரியைத் திறந்து ஒரு வேட்டியும் சட்டையும் பையில் வைத்தார். நானும் வருகிறேன் என்றேன். "வேண்டாம். நீ கையெழுத்துப் போட்டது வேற. நான் விளிச்சது வேற. என்னோடதுக்கு நான் போறேன்" என்று சொல்லிவிட்டுத் தம்பானூருக்கு ஆட்டோ பிடித்தார்.

இன்று பதினொரு மணிக்கு ஃபோன் வந்தது. ஃபேக்டரி அங்கேயே இருக்கிறது. மேனேஜரும் இருக்கிறார், இப்போது அவரும் ஒரு பங்குதாரர். அப்பா தான் யார் என்று சொன்னதும் அவர் எழுந்து நின்று, உட்காரச் சொல்லி, டீ கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அப்பா சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லையாம். "அத விடுங்க அண்ணாச்சி, நானும் அன்னிக்குக் கையெழுத்து வாங்காம ரெண்டு நாள் நிறுத்தி வெச்சிருக்கணும்" என்றாராம். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அப்பா, "இரு, அவரு உன்கிட்ட ஏதோ கேக்கணுங்கறாரு" என்று ஃபோனைக் கொடுத்துவிட்டார்.

"மேடம், நல்லா இருக்கீங்களா?" என்றார். அதே மெதுவான குரல். "ஒண்ணே ஒண்ணு கேக்கோணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டிருந்தனுங்க. அந்தப் பேட்டர்ன்ல அக்குள்ள ஒரு துண்டு வெச்சிருந்தீங்களே. எங்க கட்டிங் மாஸ்டருக எல்லாரும் பாத்து அதிசயப்பட்டாங்க. அது நீங்க வெட்டுனதுங்களா?"

என் பிராண்டைப் பற்றி இதற்கு முன் எத்தனையோ பேர் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் சிரித்துவிட்டு இருந்துவிடுவேன். அவர்கள் அதையே பதிலாக எடுத்துக்கொள்வார்கள்.

"நான் வெட்டலை" என்றேன். "பாறசாலையில தங்கபாய்ன்னு ஒருத்தர். சர்ச்சுக்குப் பின்னால அவங்க யூனிட். இப்பவும் அங்கதான் இருக்காங்க."

"ஒரு நிமிசமுங்க" என்றார். பேனா தேடும் சத்தம் கேட்டது. "பேரை இன்னொருக்கா சொல்லுங்க."

எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.

அம்மா